பின்னிணைப்பு

காரணம் கேட்கக் கூடாதாம்.
சட்டம் அப்படித்தான் சொல்லுகிறதென்று
கூட்டத்தில் ஒரு பெட்டை விளக்கினாள்.
ஆனாலும் கந்தோரில் முதல் கேள்வி:
"உங்களுக்கேன் அக்கா இதெல்லாம்?"

நான் சொல்லவில்லை.
சொல்வதென்றால்
மாரியில் டோச் வெளிச்சத்தோடு
வரம்பால் போகிறதைச் சொல்ல வேண்டும்.
பாம்புக்குக் கேட்கட்டுமென்று காலடித்துப் போகிறதை,
இருட்டும்வரை தண்ணி குடியாமல் இருக்கிறதை,
மகள் பெரியபிள்ளையான கிழமை
இந்துமதி வீட்டுக் கக்கூசுத் திறப்பை
இரவல் வாங்கினதை.
படிவத்தில் அதற்கொரு கூடு இல்லை.

பெயர்: கணபதிப்போடி தவமலர்.
விலாசம்: முனைக்காடு.
தேவைப்படும் தகவல்:
இங்கே பேனை நின்றது.

தைக்கிறவள் நான்.
துணி பிழைத்தால் காசு பிழைக்கும்,
அளந்துதான் கத்திரிக்கோல் எடுப்பேன்.
'எங்களுக்கு ஏன் மலசலகூடம் கட்டித் தரவில்லை'
என்று முதலில் எழுதி, வெட்டினேன்.
அது முறைப்பாடு.
முறைப்பாட்டுக்கு அவர்களிடம்
ஏற்கெனவே தைத்துவைத்த பதில் இருக்கிறது:
கவனத்தில் எடுக்கப்படும்.
பிறகு எழுதினேன்:
'எமது பிரிவில் மலசலகூடம் பெற்றோரின் பெயர்ப்பட்டியல்,
செலவான தொகை, கட்டிமுடித்ததற்கான அத்தாட்சி.
பிரதிகள் வேண்டும்.'
ஒரு கேள்விக்குறியும் போடவில்லை.

தகவல் உத்தியோகத்தர் பிரதீபன் தம்பி
கெட்ட பிள்ளை இல்லை.
படிவத்தை இரண்டு பக்கமும் பார்த்தார்,
வெற்றுப் பக்கத்தை இன்னும் கொஞ்ச நேரம்.
"வாயால சொல்லட்டா அக்கா?"
"எழுத்தில தாங்க தம்பி."
பற்றுச்சீட்டை நின்று வாங்கினேன்.

பதினாலு வேலைநாள்.
போயா வேலைநாள் இல்லை. சனி இல்லை. ஞாயிறு இல்லை.
கலண்டரில் தையல் சோக்கால் கோடிழுத்தேன்.
கோடு முடிகிற இடத்தில் ஒரு கடிதம் வந்தது:
மேலும் இருபத்தொரு நாள் தேவைப்படுகிறது.
கோட்டை நீட்டினேன்.
அதற்குள் பள்ளிக்கூடச் சட்டை ஒன்பது,
ஒரு கலியாண ரவிக்கை,
இழவு வீட்டுக்கு அவசரமாய் ஒரு வெள்ளை.

பிறகு அது வந்தது,
பழுப்புக் கடித உறை, தடிப்பாய்.

இருபத்துமூன்று பெயர்.
பதினேழாவது நான்.
சீமெந்து பன்னிரண்டு பை, கொமட் ஒன்று, கதவு ஒன்று.
முன்னேற்றம்: நூறு வீதம்.
எழும்பி வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.
வாழை நின்றது.

படங்கள் பின்னிணைப்பில்.
என் பெயருக்குக் கீழே நீலக் கதவு, தகரக் கூரை,
வாசலில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி ஒரு சேவல்.
பக்கத்தைப் புரட்டினேன், வள்ளிப்பிள்ளையின் மலசலகூடம்.
நீலக் கதவு. சேவல்.
இன்னும் புரட்டினேன்.
பதினொரு பேருக்குப் பதினொரு படம்,
அந்தக் கால் ஒரு தடவையும் நிலத்தில் படவில்லை.

மெஷினில் தலைவைத்துச் சிரித்தேன்.
என்னவோ என்று மகள் ஓடிவந்தாள்,
தாள்களை வாங்கிப் பார்த்தாள்,
அவள் சிரிக்கவில்லை.
கடைசித் தாளில்
'பொருட்கள் பெற்றுக்கொண்டேன்' என்பதன் கீழே
விரலை வைத்தாள்.
"அம்மா, உங்கட பேருக்கு ஆரோ 'ள' போட்டிருக்கு."

தவமளர்.

எனக்குத் தெரியாத பொம்பிளை.
பன்னிரண்டு பை சீமெந்து வாங்கினவள்,
நீலக் கதவுக்குப் பின்னால் ஆறுதலாய் இருப்பவள்,
பகலில் தண்ணி குடிப்பவள்.

நேற்று ஏழு பேர் ஒரே ஓட்டோவில் போனோம்.
மற்ற நாலு பேரில்
இரண்டு பேரைப் புருஷன்மார் மறித்துப்போட்டார்கள்,
ஒருத்திக்கு நாற்றுநடுகை,
ஒருத்தி பதில் சொல்லவில்லை.
வழிநெடுக வள்ளிப்பிள்ளைக்கு ஒரே யோசனை:
"சேவலையும் கேட்டு எழுதுவமா?"

எழுதவில்லை.
படம் எடுத்த திகதி, எடுத்த காணி,
'தவமளர்' என்பவரின் அடையாள அட்டை இலக்கம்,
இவ்வளவுதான்.

பிரதீபன் தம்பி வாசித்தார்.
மின்விசிறி ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
இந்த முறை ஏனென்று கேட்கவில்லை.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தை இழுத்து
'தவம' வரை எழுதிவிட்டு
நிமிர்ந்தார்.

"எந்த ல, அக்கா?"